மூன்று கிண்ணம், மூன்று தண்ணீர்

ஜப்பானில் பயிற்சி முடித்து ஊருக்கு வந்ததிலிருந்து ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்தைப் பார்த்தாயா என்பது. இரண்டாவது கேள்வி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி: "அந்தச் சாக்கே எப்பிடி, நல்ல ஏத்தமோ?" முதலாவதைப் பற்றி இன்னொரு நாள் ஆறுதலாக எழுதுகிறேன். இரண்டாவதைத் திருகோணமலை உப்புவெளிச் சந்தியில் நின்றபடி சொல்லி முடிக்க ஏலாது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஏத்தம் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கே சாராயமில்லை, யாரும் அதை வடிப்பதில்லை. அரிசியைப் புளிக்க வைத்துப் பிழிந்தெடுக்கிற மது. போத்தலில் வரும்போது அற்ககோல் 15, 16 வீதம் இருக்கும். எங்கள் தென்னஞ்சாராயத்தில் பாதியளவு. சோடா கலக்காமல் சின்னக் கிண்ணத்தில் மெதுவாகக் குடிக்க வேண்டியது. வெறிக்காகக் குடிக்கிறவருக்குக் காசு நட்டம்.

நான் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை செய்கிறவன். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எல்லாம் மாதிரிப் போத்தல்களில் என் மேசைக்கு வரும். பயிற்சிக்காகப் போன இடம் ஹிகாஷி-ஹிரோஷிமா. ஹிரோஷிமா நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதன் நடுவூர் சைஜோ. ஸ்டேஷனை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் செங்கல் புகைபோக்கிகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சாக்கே ஆலையின் பெயர் எழுதியிருக்கும். கமோட்சுரு, கமோஇசுமி, ஹகுபோத்தான், ஃபுக்குபிஜின் என்று ஏழு ஆலைகள் நடந்து போகிற தூரத்துக்குள்ளேயே நிற்கின்றன. 2014இல் ஒபாமா டோக்கியோ வந்தபோது பிரதமர் அபே சுஷிக் கடையில் ஊற்றிக் கொடுத்தது இந்தக் கமோட்சுருதான் என்று அங்கே எல்லோரும் ஒரு முறையாவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

ஆலை வாசல்களில் சீடர் இலைகளைக் கட்டிச் செய்த பெரிய உருண்டை ஒன்று தொங்கும். புது மது இறங்கும்போது பச்சையாகக் கட்டுவார்களாம். அது காய்ந்து மண்ணிறமாக மாறுகிற அளவை வைத்து உள்ளே இருக்கிற மது எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்று தெருவில் போகிறவர் மட்டுக்கட்டலாம். அழகான ஏற்பாடு. ஆனால் என் கண் போனது வேறிடத்துக்கு. பல ஆலைகளின் முன்னால் கிணறும் அதற்கொரு குழாயும் இருக்கின்றன. சுற்றுவட்டார மக்கள் பிளாஸ்டிக் கான்களோடு வந்து, கியூவில் நின்று நிரப்பிக்கொண்டு போகிறார்கள். சாக்கே காய்ச்சப் பயன்படுகிற அதே தண்ணீர், ரியூஓ மலையிலிருந்து நிலத்தடியால் வருகிறது. தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் கொண்டு போகிறார்களாம்.

திருகோணமலையில் வளர்ந்தவனுக்கு இது என்ன மாதிரி விடயம் என்று தெரியும். டவுனுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருகிறது. கடற்கரைப் பக்கக் கிணறுகளில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், மதிலுக்கு அந்தப் பக்கம் சவர். சில வீடுகளில் கேத்திலின் அடியைச் சுரண்டினால் வெள்ளையாய்த் தகடு தகடாகக் கழன்று வரும். அந்தக் கணக்கோடு நான் சைஜோவின் குழாயில் கையை ஏந்திக் குடித்தேன். மென்மையும் இல்லை, வன்மையும் இல்லை, நடுவில் ஒன்று. இரும்பு வாசம் துளியும் இல்லை.

அன்று பின்னேரம்தான் அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ஒழுங்கை. வாசலில் துணித் திரை. உள்ளே ஒரு மேசைப் பலகையும் அதன் முன்னால் எட்டு முக்காலிகளும்தான். பலகைக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் குளிர்ப்பெட்டி, அதற்குள் போத்தல்கள். உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வந்தது, அவித்த கீரையும் எள்ளும். அதற்கும் பில்லில் காசு உண்டு. அது அங்கத்தைய வழக்கம், சண்டை பிடிக்கக் கூடாது.

என்னோடு வந்த ஜப்பானிய நண்பர் மொழிபெயர்த்தார். என்ன வேலை என்று அந்த அம்மா கேட்டார். தண்ணீர் பரிசோதனை என்றதும், எடுத்து வைத்த போத்தல்களைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வேறு மூன்றை எடுத்தார். மூன்றும் ஜுன்மாய் வகை, அதாவது வெளியிலிருந்து அற்ககோல் சேர்க்காமல் அரிசி, தண்ணீர், அரிசியில் வளர்க்கிற கொஜிப் பூஞ்சணம், மதுவம் (ஈஸ்ட்) மட்டும் போட்டுக் காய்ச்சியது. வித்தியாசம் தண்ணீரில். முதலாவது கடற்கரை ஊரான அகிட்சுவின் மென்னீர், கனியுப்பு குறைந்தது. இரண்டாவது சைஜோ. மூன்றாவது கோபே பக்கத்து நாடாவின் வன்னீர், கனியுப்பு கூடியது. இவற்றுக்கு முன்னால் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர், பகலில் நான் கையேந்திக் குடித்த அதே ஆலைக் கிணற்றுத் தண்ணீர்.

கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைப் பீங்கான், உள்ளே அடியில் கடும் நீலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அம்மா கிண்ணத்தை விளக்குக்கு நேரே சரித்துக் காட்டினார். வெள்ளைப் பகுதியில் மதுவின் நிறத்தைப் பார்க்க வேண்டும், மஞ்சள் ஏறியிருக்கிறதா இல்லையா என்று. நீல வளையத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா என்பதில் தெளிவைப் பார்க்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். கலங்கற்தன்மை பார்க்க நாங்கள் கருவி வைத்திருக்கிறோம், அதற்கு மாதத்துக்கு ஒரு முறை அளவு திருத்தம் வேறு. இவர்கள் இரண்டு நீலக் கோட்டோடு வேலையை முடிக்கிறார்கள். ஆலைகளில் மது சோதிப்பவர்கள் இதன் பெரிய வடிவத்தைத்தான் பாவிக்கிறார்களாம்.

அகிட்சுக் கிண்ணம் வாயில் வைத்தவுடன் இனிப்பு, பிறகு வழுக்கிக்கொண்டு போய் எங்கே முடிந்தது என்றே தெரியாது. நாடாக் கிண்ணம் நேர் எதிர். நாக்கில் ஒரு உறைப்பு, சட்டென்று அறுத்த மாதிரி முடிவு, உடனே ஏதாவது கடிக்கத் தேடும். சைஜோ இடையில் நின்றது. சும்மா மயக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணம் இரசாயனத்தில் இருக்கிறது. வன்னீரில் மகனீசியம், பொட்டாசியம், பொசுபேற்று எல்லாம் தாராளம். மதுவத்துக்கு அது தீனி. புளிப்பு வேகமாக நடந்து சீனியைத் தின்று தீர்த்துவிடும், மது வறட்சியாக வரும். மென்னீரில் மதுவம் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும்.

அந்த மெல்ல நடப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. நாடாக்காரரின் முறையை அப்படியே பின்பற்றி மென்னீரில் காய்ச்சினால் புளிப்பு பாதியில் சோர்ந்து, வேறு கிருமி ஏறித் தொட்டி முழுக்கப் பழுதாகும். அகிட்சுவில் மியுரா சென்சபுரோ என்பவருக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. மனிதர் விடவில்லை. கொஜியை அரிசிமணியின் உள்வரை நன்றாக வளரவிட்டு, தொட்டியைக் குளிராக வைத்து, நீண்ட நாள் எடுத்துப் புளிக்கவைக்கிற முறையைக் கண்டுபிடித்து 1898இல் புத்தகமாகவே வெளியிட்டார். தொழில் இரகசியம் என்று ஒளித்து வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1907இல் நடந்த முதலாவது தேசியப் போட்டியில் ஹிரோஷிமாக்காரர் நாடாவை முந்தி முன்னுக்கு வந்தார்கள்.

நாடாவுக்கும் ஒரு தண்ணீர்க் கதை உண்டு. அதையும் அந்த அம்மாதான் சொன்னார். யாமாமுரா தாசேமோன் என்ற முதலாளிக்கு இரண்டு ஊரில் ஆலை. நாடாப் பகுதி நிஷினோமியாவில் இறங்குகிற மது எப்போதும் மற்றதை விட நல்லது. அரிசியை மாற்றிப் பார்த்தார், காய்ச்சுகிற ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரை மற்ற ஆலைக்குக் கொண்டு போய்க் காய்ச்சினார். 1840இல் விடை கிடைத்தது. ஒவ்வொரு காரணியாக மாற்றி மாற்றிப் பார்ப்பது எப்படி என்று எங்கள் பயிற்சியில் அரை நாள் விரிவுரை நடந்தது. இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

இரும்புக் கணக்கையும் கேட்டேன், தொழில் புத்தி. குடிநீரில் லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கலாம் என்பது நாங்கள் வைத்திருக்கிற அளவு. சாக்கே காய்ச்சுகிற தண்ணீரில் 0.02க்கு மேல் போகக் கூடாதாம். கூடினால் நிறம் சிவக்கும், மணம் கெடும். பதினைந்து மடங்கு கடுமை! என் மேசையில் பாஸாகிப் போகிற எத்தனையோ மாதிரிகள் அந்த ஆலைகளில் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

அகிட்சுப் போத்தல் ஃபுக்குச்சோ என்ற மது. காய்ச்சுகிற தலைமை வல்லுநரைத் தோஜி என்பார்கள். இந்த ஆலையின் தோஜி இமாதா மிஹோ, ஒரு பெண். பெண்கள் ஆலைக்குள் காலே வைக்கக் கூடாது என்றிருந்த தொழிலில் 2020இல் பீபீசியின் நூறு பெண்கள் பட்டியல் வரை போனவர். அந்தப் போத்தலை வைக்கும்போது மட்டும் கடைக்கார அம்மா இரண்டு கையாலும் வைத்ததைக் கவனித்தேன்.

பிறகு நாடாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் தந்தார். தகரக் குவளையில் ஊற்றி, குவளையைச் சுடுதண்ணீருக்குள் இறக்கி, அடியில் விரலை வைத்துத்தான் பதம் பார்த்தார், வெப்பமானி இல்லை. நாற்பத்தைந்து பாகை இருக்கும். வாய்க்குக் கொண்டு போகையில் எழும்பிய மணம், அம்மா புழுங்கலரிசிச் சோறு வடிக்கும்போது குசினியிலிருந்து வருமே, அதே மணம். குளிராக இருந்தபோது இது எங்கே ஒளிந்திருந்தது என்று விளங்கவில்லை.

பக்கத்து முக்காலியில் வயதான ஒருவர், குரே ஊர்க்காரர். எந்த ஊர் என்று கேட்டார். போனில் வரைபடத்தை எடுத்துத் திருகோணமலைத் துறைமுகத்தை விரித்துக் காட்டினேன். "நல்ல துறைமுகம், எங்கள் குரே மாதிரி மலை சூழ்ந்தது" என்றார். ஓம் என்றேன். குரேயில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் அக்காகி. 1942 ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைக்கு மேலே வந்த விமானங்களில் அந்தக் கப்பலிலிருந்து புறப்பட்டவையும் இருந்தன. அன்று சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் ஒரு விமானம் மோதி எரிந்த கதையை, யப்பான் குண்டுக்குப் பயந்து சனம் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடிய கதையை அம்மம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த எரிந்த தாங்கியின் மிச்சம் இன்றும் அங்கே கிடக்கிறது. இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லவில்லை. என் கிண்ணம் காலியாக இருந்ததைப் பார்த்து அவர் ஊற்றினார். அங்கே தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். அவருக்கு நான் ஊற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஒரு கிளாஸ் தண்ணீரையும் அந்த அம்மா வற்புறுத்திக் குடிக்க வைத்தார். அதனால் அடுத்த நாள் எட்டு மணி வகுப்பில் தலை நேராக நின்றது.

சைஜோவிலிருந்து 720 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைச் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டு வந்தேன். அத்தானுக்கு. அத்தான் கள்ளுத் தவறணை வாங்கில் வளர்ந்த சாஸ்திரம் அத்தனையும் கற்றவர். நாங்கள் உடைத்தது ஒரு போயா நாளில், மொட்டை மாடியில். கடையெல்லாம் பூட்டு, அதனால் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் சொல்லாமலே வந்து சேர்ந்தார்கள். பைட்ஸுக்குக் கச்சானும் பொரித்த கணவாயும்.

முதல் வாயிலேயே அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தண்ணி மாதிரிக் கிடக்கு."

"அதுதான் அத்தான் விசயமே" என்று தொடங்கி நான் கொஜியிலிருந்து விளக்கினேன். அரிசியில் சீனி இல்லை, மாப்பொருள்தான். கொஜிப் பூஞ்சணம் மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கும், அதே தொட்டியில் அதே நேரம் மதுவம் அந்தச் சீனியை அற்ககோலாக்கும். இரண்டும் கூடவே நடப்பதால் தொட்டியிலேயே 20 வீதம் வரை ஏறிவிடும், பிறகுதான் தண்ணீர் சேர்த்து இறக்குவார்கள். அதற்கு முன்னால் அரிசியைத் தீட்டுவார்கள். கின்ஜோ என்றால் மணியில் 60 வீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது, தாய்கின்ஜோ என்றால் பாதிதான் மிஞ்சலாம். வெளிப்பக்கத்துப் புரதமும் கொழுப்பும் ருசியைக் கரடுமுரடாக்கும் என்பதற்காக. சக்தியால் ஓடுகிற அரிசி தீட்டும் மெஷினை ஜப்பானில் முதன்முதல் 1896இல் சதாக்கே என்பவர் செய்ததும் இதே சைஜோவில்தான்.

கூட்டாளிகளில் ஒருவர் நெல் வியாபாரி. மற்றதெல்லாம் அவருக்குக் கேட்கவில்லை. "பாதி அரிசியைத் தீட்டி எறியிறாங்களோ?" என்று நெஞ்சைப் பிடித்தார். எறிவதில்லை, மாவை வேறு தின்பண்டத்துக்கும் தீவனத்துக்கும் எடுப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது கிண்ணத்தைத் தொட்டார்.

சூடாக்கியும் பார்த்தோம், எவர்சில்வர் சட்டியில். நான் சொல்கிறேன், திருகோணமலையின் மே மாத வெக்கையில் அதைச் செய்யாதீர்கள். மணம் வந்தது, கூடவே வேர்வையும் வந்தது. சைஜோ மேட்டு நிலம், பனிக்காலத்தில்தான் காய்ச்சுவார்கள். அந்தக் குளிருக்குத்தான் அந்தச் சூடு.

எனக்கு அந்தக் கடையில் இருந்தபோதே ஓடிய ஒரு யோசனையை அன்று சொன்னேன். எங்களிடம் கள்ளு இருக்கிறது. பனங்கள்ளு வேறு, தென்னங்கள்ளு வேறு. மரத்துக்கு மரம் ருசி மாறும் என்று அத்தானே நூறு தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் எந்தத் தவறணையிலும் மூன்றை வரிசையாக வைத்து, இது இந்த மரம், இது இந்த மண், குடித்துப் பார் என்று யாரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் நிலாவெளிக்கு வந்து பியர் குடித்துவிட்டுப் போகிறான். எட்டு முக்காலி போட்டு ஒரு பலகை வைத்தால் என்ன?

அத்தான் கணவாயை மென்றுகொண்டே யோசித்தார். "உன்ர சாக்கே போத்தலுக்குள்ள அடங்கி நிக்கும். கள்ளு நிக்குமே? மூண்டாவது கிண்ணத்துக்கு நீ வாறதுக்கிடையில முதலாவது மாறியிருக்கும்."

சரிதான். பாளையிலிருந்து சொட்டும்போதே அதில் சீனி இருக்கிறது, கொஜி தேவையில்லை. முட்டியில் ஒட்டியிருக்கிற மதுவம் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால்தான் அது கருப்பநீராக நிற்கும். காலையில் இறக்கியது மத்தியானம் இன்னொன்று, பின்னேரம் புளித்த வேறொன்று. சாக்கேக்குத் தோஜி மாதக் கணக்கில் செய்வதைக் கள்ளு ஒரே பகலில் தானாகச் செய்து, தானாகக் கெடுத்தும் முடித்துவிடுகிறது.

"அப்ப மூண்டு மரம் வேண்டாம் அத்தான். ஒரே மரம், மூண்டு நேரம். அதைப் பக்கத்தில இருந்து குடிச்சுப் பார்ப்பம்" என்றேன்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கி மிச்சத்தைப் பார்த்தார். அந்த மிச்சம் யாருக்கும் கிடைக்கவில்லை. மீன் வெடுக்கை எடுக்க ஜப்பானில் சாக்கேயைத்தான் ஊற்றுவார்கள் என்று நான் வாய் தவறிச் சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. கீழே பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் மேலே ஏறி வந்து போத்தலைக் கையோடு கொண்டு போய்விட்டார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் என்ன ஊற்றியது என்று இதுவரை சொல்லவில்லை, இந்தப் பதிவை அவர் வாசிக்கப் போவதுமில்லை.

கும்புறுப்பிட்டிப் பக்கம் சீவல் தொழில் செய்கிற ஒருவரை அத்தானுக்குத் தெரியும். அடுத்த நாள் அவருக்குப் போன் எடுத்து, ஒரே மரத்துக் கள்ளை மூன்று நேரம் குடித்துப் பார்க்க வேண்டும், மச்சான் ஜப்பானில் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று விளக்கினார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சிரிப்பு. பிறகு, "காலமை ஆறு மணிக்கு வாங்கோ. கிளாஸ், போத்தல் ஒண்டும் கொண்டு வர வேண்டாம், ஓலைப் பிளாவில குடிக்கிறதெண்டாத் தாறன்" என்றாராம்.

வாற சனிக்கிழமை போகிறோம். நான் பீஎச் கடதாசியும் கொண்டு போகிறேன், அத்தானுக்குச் சொல்லவில்லை.